ருசி பார்க்காமல் காய்ச்சிய சாஸ்

மேலகரத்தில் போய் நம்பிராஜன் வீடு எது என்று விசாரித்தால், "எந்த நம்பிராஜன், சீனி நம்பிராஜனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவில் அவர் பஸ்ஸை நிறுத்தாத டீக்கடை கிடையாது என்று கண்டக்டர்கள் கேலி பேசுவார்கள். டீ என்றால் சும்மா டீ இல்லை. மேற்கொண்டு சீனி போட்டு, அடியில் கரையாமல் கிடப்பதை விரலால் வழித்து நக்கினால்தான் மனுஷனுக்கு வண்டி நகரும். கல்யாணப் பந்தியில் இவர் உட்கார்ந்த வரிசைக்குப் பாயச வாளிக்காரன் திரும்ப வரவே பயப்படுவான்.

அப்படிப்பட்டவர் போன தை மாதத்திலிருந்து இனிப்பைத் தொடவில்லை. டீயில்கூடச் சீனி இல்லை. "என்ன வே, சுகரா?" என்று டெப்போ சேக்காளிகள் கேட்டார்கள். "ஆமா வே, சுகருதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சுகர் ஒன்றும் இல்லை. அவர் மனைவி ஆனந்தவள்ளிக்கு வயிற்றில் கட்டி. என்ன கட்டி என்று அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை.

ஆய்க்குடி முருகன் கோயிலில் படிப்பாயசம் என்று ஒரு நேர்ச்சை உண்டு. ஆற்றங்கரைப் படியில் பாயசத்தை ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளைகள் குனிந்து படியிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கும். ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்ன மறுநாளே நம்பிராஜன் ஆய்க்குடிக்குப் போனார். ஆனந்தவள்ளி எழுந்து நடமாடட்டும், படிப்பாயசம் போடுகிறேன், அதுவரைக்கும் என் நாக்கில் இனிப்புப் படாது என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. முருகனும் கேட்கவில்லை. தன்னிடம் விடுவதற்கு இருந்ததிலேயே பெரிய சொத்து அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆனந்தவள்ளி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "விடுததுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையாக்கும்? இனிப்பு இல்லாம ஒங்க மூஞ்சிய ஒரு வாரம் பாத்தாலே எனக்கு நோய் கூடிருமே!"

சுந்தரபாண்டியபுரத்துக்காரி. வாய்த்துடுக்கு ஜாஸ்தி, கைப்பக்குவம் அதைவிட ஜாஸ்தி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படி அவள் ராஜ்யம். ஒரே மகன் இசக்கிராஜா ராணுவத்தில் சேர்ந்து எங்கோ பனிமலையில் கிடந்தான், லீவு கிடைத்தால் வருவான். நம்பிராஜனுக்கு அடுப்படியில் தெரிந்த ஒரே சாமான் தண்ணீர்க் குடம்.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கீமோ கொடுக்க ஆரம்பித்தார்கள். முடி போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாக்கு போனதைத்தான் தாங்க முடியவில்லை. சோறு, ரசம், இட்லி, மோர், எதை வாயில் வைத்தாலும் இரும்பு ருசி அடித்தது. "தகரத்த நக்குத மாதிரி இருக்குங்க" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். தானே ஆசைப்பட்டுக் கேட்ட கத்தரிக்காய்ப் பொரியலையும் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எடை இறங்கக் கூடாது. இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆனந்தவள்ளியின் முகம் சாம்பிப்போனது. அவளுடைய அம்மா அப்படித்தான் குழாயோடு கிடந்து செத்தாள். குழாயில் கஞ்சித்தண்ணி ஊற்றியது ஆனந்தவள்ளி.

"அம்மைக்கு நான்தான ஊத்துனேன். வண்டிக்கு டீசல் ஊத்துத மாதிரி ஊத்தணும். அவ கண்ணு மட்டும் நம்மளப் பாத்துக்கிட்டே கெடக்கும். ருசியும் கெடையாது, வேண்டாம்னு சொல்லவும் முடியாது" என்றாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது. "என்ன ஆனாலும் சரி, எனக்கு அந்தக் குழாய மட்டும் போட விட்டுராதீங்க."

"நான் இருக்கும்போது எவன் போடுதான்னு பாப்போம்" என்றார் நம்பிராஜன். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியையே நிறுத்திக் காட்டியவர் என்று பேரெடுத்தவர். இதையும் நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு வேளை என்றால் ஒரு யுத்தம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். அவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். "இன்னும் ஒரு கரண்டி ஆனந்தி. ஒரே ஒரு கரண்டி." அவள் முறைப்பாள். "கொன்னுருவேன்" என்பாள். கடைசியில் அவர் முகத்துக்காக வாயைத் திறப்பாள். பாதி உள்ளே போகும், பாதி துண்டில் விழும்.

ஆடியில் சாரல் கட்டியது. ஒருநாள் காலையில் அவளாகவே, "அருவியப் பாத்துட்டு வருவமா?" என்றாள். மேலகரத்திலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். ஆட்டோவில் போனார்கள். குளிக்க முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகத் தெரிந்ததை ஆட்டோவிலிருந்தே பார்த்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தலையில் கட்டியிருந்த துணியில் சாரல் பூத்தூவலாக விழுந்தது.

திரும்பும் வழியில், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், நீளவாக்கில் வெட்டிய இரும்பு டிரம்மில் கங்கு போட்டுக் கோழி வாட்டிக்கொண்டிருந்தார் மன்சூர். சீசனுக்குச் சீசன் வந்து கடை போடுகிறவர். அந்தப் புகை ஆட்டோவுக்குள் புகுந்ததும் ஆனந்தவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். எத்தனையோ மாதமாக எந்தச் சாப்பாட்டு வாசனைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டவள் இப்படிச் சொன்னதும் நம்பிராஜன் ஆட்டோ நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிட்டார்.

கோழியை அவள் தொடவில்லை. அதன்மேல் தடவியிருந்த கருஞ்சிவப்புக் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு முறை தொட்டாள்.

"இது என்ன தம்பி, வெல்லப்பாகும் புளிக்கொழம்பும் சேந்து கெடக்கு?"

"பார்பிக்யூ சாஸ் அக்கா" என்றார் மன்சூர்.

அவள் நம்பிராஜன் பக்கம் திரும்பினாள். "இது தெரியுதுங்க. மொதல்ல இனிப்புத் தெரியுது, பின்னால புளிப்புத் தெரியுது. தகரம் இல்ல."

நம்பிராஜன் அருவி இருக்கும் திசையில் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். சாரல் காலத்தில் அது ஒரு வசதி, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

மன்சூர் ஒரு கிண்ணம் நிறைய அந்தச் சாஸைக் கட்டிக் கொடுத்தார். மத்தியானம் அதைத் தொட்டுக்கொண்டு தோசை சாப்பிட்டாள். சாயங்காலம் கிண்ணத்தை வழித்துவிட்டாள். மறுநாள் நம்பிராஜன் தென்காசியில் பெரிய கடைக்குப் போய், ஷெல்பில் இருந்த பார்பிக்யூ சாஸ் பாட்டிலை வாங்கி வந்தார். ஒரு சொட்டு வைத்துவிட்டு, "மருந்துக்கடை வாசம் அடிக்கி" என்று துப்பினாள். வேறொரு கம்பெனி பாட்டில். அதற்கும் அதே கதி.

மன்சூர் சீசன் முடிந்ததும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். அதற்கப்புறம்? நம்பிராஜன் மறுபடியும் குற்றாலத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றார். விஷயத்தைச் சொன்னார். மன்சூர் கங்கை விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"இதுல மறைக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி, நான் வீட்டுல காச்சுததுதான். கேளுங்க. நல்லாப் பழுத்த தக்காளிய அவிச்சு, தோல உரிச்சு அரைச்சுக்கிடுங்க. வெங்காயமும் பூண்டும் வதக்கி அதையும் அரைச்சுச் சேருங்க. கருப்பட்டியக் கரைச்சு வடிகட்டி ஊத்துங்க, மண்ணு கெடக்கும். கொஞ்சம் புளித்தண்ணி, கொஞ்சம் வினிகர். மிளகா வத்தப்பொடி, மிளகு, சுக்கு, உப்பு. அடுப்பக் கொறச்சு வச்சுச் சுண்டக் காச்சணும். எறக்குனப்புறம் தேங்காச் சிரட்டைக் கரித்துண்டக் கங்காக்கி, ஒரு கிண்ணத்துல வச்சு நடுவுல எறக்குங்க. மேல ஒரு சொட்டு எண்ணெய விட்டு மூடிருங்க. பொகை உள்ள எறங்கிரும். அப்படியே ஒரு ராத்திரி வச்சா ருசி ஊறும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா நாக்குதான் முக்கியம் அண்ணாச்சி. ஒவ்வொரு கருப்பட்டி ஒவ்வொரு இனிப்பு, ஒவ்வொரு புளி ஒவ்வொரு புளிப்பு. அப்பப்பத் தொட்டு நக்கிப் பாத்து ரெண்டையும் சரிக்கட்டணும். இதுல வேலையே அதுதான்."

சீனி நம்பிராஜன் தலையை ஆட்டினார். இந்த வேலையில் அவரால் முடியாத காரியம் அது ஒன்றுதான். முருகனிடம் சொன்ன வார்த்தையை மன்சூரிடம் சொல்லவில்லை.

முதல் நாள் காய்ச்சியபோது அடுப்படி போர்க்களமாகிவிட்டது. தக்காளி கொதித்துத் தெறித்து அவர் கையெல்லாம் கொப்புளம். சுவரெல்லாம் சிவப்பு. ஆனந்தவள்ளி அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஏங்க, பஸ்ஸா ஓட்டுதீங்க, அடுப்பக் கொறைங்க!" என்று அங்கேயிருந்தே அதட்டினாள். அவர் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து ஊதி ஊதி அவளிடம் கொண்டுபோவார். அவள் நக்கிவிட்டு, "புளி தூக்கலா இருக்கு. கருப்பட்டி போடுங்க" என்பாள். போடுவார். மறுபடியும் கரண்டி. "இப்பம் ஒறைப்பு பத்தல." அவர் கை, அவள் நாக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக நின்று காய்ச்சினார்கள்.

நாலைந்து தடவை காய்ச்சிய பிறகு அவருக்குப் பக்குவம் பிடிபட்டது. நாக்கை வைத்து இல்லை, காதை வைத்து. தண்ணியாக இருக்கும்போது சளசளவென்று கொதிக்கும். சுண்டச் சுண்டச் சத்தம் கனத்து, மேட்டில் ஏறும் வண்டி மாதிரி முக்க ஆரம்பிக்கும். அப்போது இறக்கிவிட வேண்டும். இனிப்பும் புளிப்பும் மட்டும் அவள் சொல்ல வேண்டும்.

சொல்லக் கூடாது, ஆனால் அந்த வீட்டில் அந்த ஒன்றரை மாதம் சந்தோஷமாக இருந்தது. இட்லிக்கு அதுதான், அவித்த முட்டைக்கு அதுதான், சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் அதுதான். தயிர்ச் சோற்றுக்குக்கூட ஒரு சொட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு கரண்டி" என்று அவர் சொல்வதற்கு முன்னால் தட்டு காலியாகும். திருநெல்வேலியில் எடை பார்த்தார்கள். இறங்கவில்லை, ஒரு பொடி ஏறியே இருந்தது. "என்ன கொடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நம்பிராஜன் நெஞ்சை நிமிர்த்தி, "பார்பிக்யூ சாஸ், சார். வீட்டுலயே நான்தான் காச்சுதேன்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். குழாயைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

அடுத்த கீமோ ஆளைச் சாய்த்துவிட்டது. அடுப்படி வாசலுக்கு வந்து நாற்காலியில் உட்காரும் தெம்பு ஆனந்தவள்ளிக்கு இல்லாமல் போனது. படுத்தபடியே கிடந்தாள். அவர் தனியாகக் காய்ச்சியது அடிப்பிடித்துப் போனது. கருப்பட்டி அப்படித்தான், ஒரு நொடி கண் அசந்தால் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். "மெல்லிசுப் பாத்திரத்துல வச்சா அப்படித்தான் தீயும். அடி கனமா இருக்கதுல வைங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவள் குக்கரைச் சொன்னாள். அவருக்குப் பரணில் இருந்த பித்தளை உருளி ஞாபகம் வந்தது. அவள் கல்யாணச் சீரோடு வந்தது. தூக்கினால் கை இறங்கும் கனம். இதைவிடக் கனமான அடி எந்தப் பாத்திரத்துக்கு இருக்கிறது? ஏணி போட்டு இறக்கினார். உள்ளே கறுத்து மங்கிக் கிடந்ததைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அவளிடம் கேட்கவில்லை. அவள் தூங்கி எழுந்ததும் நிறையக் காய்ச்சி வைத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை.

இங்கேதான் வினை வந்தது. பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் தேய்ந்துபோனால் அதில் புளி, தக்காளி, எலுமிச்சை எதுவும் பட விடக் கூடாது. பட்டால் களிம்பு இறங்கும், அது விஷம். அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே சொல்வார்கள். ஈயம் போனதால்தான் ஆனந்தவள்ளி அந்த உருளியைப் பரணில் ஏற்றியிருந்தாள். வண்டிக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று நம்பிராஜனுக்குத் தெரியும். இது தெரியாது. காலமெல்லாம் சமைத்ததைச் சாப்பிட மட்டுமே தெரிந்த ஆண்பிள்ளைக்கு எங்கேயிருந்து தெரியும்?

தக்காளியும் புளியும் வினிகருமாக அந்த உருளியில் பொறுமையாகச் சுண்டியது. அடிப்பிடிக்கவே இல்லை. அவருக்கு ஒரே பெருமை. சிரட்டைக் கங்கை வைத்துப் புகை பிடித்தார். மன்சூர் சொன்ன மாதிரி ருசி ஊறட்டும் என்று ராத்திரி முழுக்க அந்த உருளியிலேயே மூடி வைத்தார். காலையில் எடுத்துக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பினார். நிறம் எப்போதையும்விடக் கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கரண்டியை வழித்து நக்கியிருப்பார்கள். அவர் அதைக் கழுவி வைத்தார்.

இட்லியில் தொட்டு முதல் வாய் கொடுத்தார். ஆனந்தவள்ளி முகத்தைச் சுளித்தாள்.

"என்னட்டி?"

"இதுவும் தகரமாயிட்டுங்க."

அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "மருந்து வேகம் ஆனந்தி. நாக்கு மறுபடியும் கெட்டுட்டு. பழகப் பழகச் சரியாயிரும். இன்னும் ஒரு கரண்டி. எனக்காக."

அவளும் அதைத்தான் நினைத்தாள். நாக்கைத்தான் குற்றம் சொன்னாள். நோய்க்காரிக்கு எல்லாமே நோய்தான். அவர் ஆசையாகக் காய்ச்சியதாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். வாந்தி எடுத்தாள். சாயங்காலம் மறுபடியும் ஊட்டினார். மறுபடியும் எடுத்தாள். கீமோ என்றால் வாந்தி வரத்தான் செய்யும் என்று ரெண்டு பேரும் நம்பினார்கள். குழாய் பயத்தில் அவர் இன்னும் விடாப்பிடியாக ஊட்டினார். பாட்டில் குறையக் குறைய அவளும் குறைந்துகொண்டே வந்தாள். கடைசியில் அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்தாலே குமட்ட ஆரம்பித்தது. பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். சுருண்டு கிடந்தவளை எடை பார்த்த நர்ஸ் அதை எழுதிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். டாக்டர் வந்தார். ஸ்கேனில் நோய் ஈரலுக்கும் ஏறியிருந்தது. குழாய் போட வேண்டும் என்றார். நம்பிராஜன், "வேண்டாம் சார்" என்றார். "அப்போ பட்டினி போடப் போறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். கையெழுத்துப் போட்டார். குழாயை உள்ளே விடும்போது ஆனந்தவள்ளி அவர் கையைப் பிடித்திருந்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். லீவு கேட்டிருப்பதாக இசக்கிராஜா போனில் சொன்னான். எப்படி ஊற்ற வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை நம்பிராஜன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கட்டிலில் கிடந்தபடி ஆனந்தவள்ளி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சமிருந்த ஒரு பாட்டில் சாஸ் ஜன்னலோரம் நின்றது. மாடியில் குடியிருந்த கிறிஸ்டி, ஆனந்தவள்ளிக்குப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க உதவிக்கு வருவாள். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். "வீணாப் போகுதே, பிள்ளைகளுக்குக் குடு" என்று நம்பிராஜன் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். அவள் மூடியைத் திறந்து விரலால் தொட்டு வாயில் வைத்தாள். அடுத்த கணம் முற்றத்துக்கு ஓடித் துப்பினாள்.

"அண்ணாச்சி, இத எதுல காச்சுனீங்க?"

அவர் உருளியை எடுத்து வந்து காட்டினார். வெளியே கறுத்திருந்தது. உள்ளே புதுப் பொன் மாதிரி மின்னியது. புளி அதைத் தின்று சுத்தம் பண்ணியிருந்தது. விளிம்பில் பச்சையாக ஒரு வளையம் படிந்திருந்தது.

"ஐயோ, ஈயம் இல்லாத பித்தளையிலயா!" கிறிஸ்டி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இது பூராவும் களிம்பு அண்ணாச்சி. நல்ல ஆளு தின்னாலே வாந்தி எடுக்கும். நீங்க ருசி பாக்கவே இல்லியா?"

அவர் கையிலிருந்த உருளியைக் கீழே வைத்தார்.

கிறிஸ்டி யோசித்துவிட்டு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "அப்பம் அக்கா நாக்கு சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

பாவம், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நம்பிராஜன் உட்கார்ந்துவிட்டார். தகரம் என்று அவள் சொன்னது தகரம்தான். அவள் நாக்கு பொய் சொல்லவில்லை. ஊரிலேயே நல்ல நாக்கை வைத்துக்கொண்டு கிடந்தவளை, நாக்கு கெட்டுவிட்டது என்று சொல்லிச் சொல்லி, கரண்டி கரண்டியாக விஷத்தை ஊட்டியிருக்கிறார். ஈரலில் ஏறிய நோய்க்கு இந்தச் சாஸ் காரணமில்லைதான். இது இல்லாவிட்டாலும் குழாயில்தான் வந்து நின்றிருக்குமோ என்னவோ. அதை எந்த டாக்டரும் சொல்லப் போவதில்லை. நம்பிராஜனுக்குச் சொன்னாலும் ஏறாது. சாம்பலும் நாரும் போட்டு உருளியைத் தேய்த்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குக்கரில் காய்ச்சினார். தக்காளி, கருப்பட்டி, புளி, எல்லாம் பழைய கணக்கு. எதற்காகக் காய்ச்சினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சத்தம் கனத்ததும் இறக்கினார். கங்கு வைத்தார். ஆறியதும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உருளியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். பரணிலிருந்து இறக்கியது, ராத்திரி அதிலேயே வைத்தது, கிறிஸ்டி துப்பியது.

"ஒன் நாக்குல ஒரு கொறையும் இல்லட்டி. நான்தான் சவம், ஒண்ணுந் தெரியாத சவம்" என்று விம்மினார்.

ஆனந்தவள்ளி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூக்கில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி அவள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அந்த உருளியை ஏன் பரணில் வைத்தேன் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று தன்மேலும் வந்தது. ரெண்டு கோபத்தையும் காட்டுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

"நான்தான் சொன்னேன்லா, தகரம்னு" என்றாள் மெதுவாக. "நீங்களும் நம்பல. நானும் என்னைய நம்பல."

அவர் கிண்ணத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது குக்கர்ல காச்சுனது. உதட்டுல ஒரு சொட்டு வைக்கட்டுமா? ருசிக்கு மட்டும்."

புகையும் கருப்பட்டியும் கலந்த வாசனை வந்ததுமே அவள் உடம்பு குலுங்கியது. ஓங்கரித்தாள். குழாயைப் பிடித்துக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். அவர் பதறிப்போய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ஓங்கரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாக்கு மன்னித்திருக்கும், வயிறு மன்னிக்கவில்லை.

அடங்கியதும் அவர் பக்கம் திரும்பினாள். "அதை அங்கன வைக்காதீங்க. கையில எடுங்க."

"கொண்டுபோய்க் கொட்டிருதேன்."

"கொட்ட வேண்டாம். நீங்க ருசி பாருங்க."

"நான் நேர்ந்திருக்கேன்லா" என்றார்.

"யாருக்காக நேர்ந்தீங்க?"

"ஒனக்காகத்தான்."

"அப்பம் நான்தான சொல்லுதேன். பாருங்க."

நம்பிராஜன் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நடமாடுகிற வரைக்கும் என்று முருகனிடம் சொன்ன வார்த்தை அது. அதை முறித்துவிடு என்று அவளே சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் கண் அவரை விடவில்லை. ரொம்பக் காலம் கழித்து அதில் பழைய அதட்டல் தெரிந்தது.

கரண்டியை எடுத்தார். வாயில் வைத்தார். தை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக இனிப்பு நாக்கில் பட்டது. கருப்பட்டியின் இனிப்பு முதலில், அதன் பின்னாலேயே புளிப்பு, கடைசியில் சிரட்டைப் புகை. அவள் குற்றாலத்தில் சொன்ன அதே வரிசையில் வந்தது.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

"நான் இல்லாம காச்சுனா அப்படித்தான் இருக்கும்."

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் கையை நீட்டி அந்தத் துண்டைக் கீழே இழுத்தாள்.

"இன்னும் ஒரு கரண்டி" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.